கண்டாக்கு ஐயாவின் அரைப்பேர்

ஓய்வு பெற்ற மறுநாளும் சின்னத்தம்பி காலை ஐந்தரைக்கே எழுந்து, காக்கிக் கால்சட்டை போட்டு, முழங்கால்வரை காலுறையை இழுத்துவிட்டு, தொப்பியும் பிரம்புமாக வாசலுக்கு வந்து நின்றார். அதன் பிறகுதான் போவதற்கு ஓர் இடமில்லை என்பது உறைத்தது.

வெள்ளைப்பாறைத் தோட்டத்தில் முப்பத்துநாலு வருஷம் கண்டாக்காக இருந்தவர் அவர். துரைக்குக் கீழே, தோட்டத்துக்கே மேலே. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார். யார் கொழுந்தெடுக்க, யார் புல்வெட்ட, யார் தண்ணீர் வடியும் கான் வெட்ட என்று பிரித்து மலைக்கு அனுப்புவார். அப்புறம் பொழுது சாயும்வரை அவர்களுக்குப் பின்னால் நின்று பிரம்பால் சுட்டிக் காட்டுவார். பத்து நிமிடம் பிந்தி வந்தவர் நாள் முழுக்க வேலை செய்தாலும் அவருடைய பெயர்க் கொப்பியில் பாதி நாள்தான் விழும். அதற்கு அரைப்பேர் என்று பெயர். சின்னத்தம்பியைப்போல அரைப்பேர் போட இந்த மலைநாட்டில் ஆளில்லை என்று சொல்வார்கள். அதை அவர் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

ஓய்வுக்குப் பிறகு நோர்வூட்டுக்கு மேலே ரோட்டோரம் கட்டிய வீட்டுக்கு வந்தார். அதிகாரம் செய்ய அங்கே மனைவி சண்முகவடிவு ஒருத்திதான் இருந்தாள். அவள் கல்யாணமான இரண்டாம் வருஷமே காதைப் பூட்டிக்கொண்டவள். வேறு வழியில்லாமல் பஸ்களைக் கண்காணிக்கத் தொடங்கினார். ஹட்டன் பஸ் ஆறு நிமிடம் பிந்தினால் கேட்டருகே நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார். ஒருநாள் பஸ் கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "ஐயா, நீங்களும் கண்டாக்கு, நானும் கண்டாக்கு. எனக்கு இன்னும் வேல இருக்கு, ஒங்களுக்கு இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்" என்று கத்திவிட்டுப் போனான். அன்று மத்தியானம் சின்னத்தம்பி சோறு சாப்பிடவில்லை. நாலு மணிக்குத் தனியே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டார்.

அப்படிக் கிடந்தவருக்கு வேலை கொடுத்தது புயல்.

கார்த்திகைக் கடைசியில் மூன்று நாள் விடாமல் அடித்தது மழை. வெள்ளைப்பாறையில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில் இரண்டின் கூரை போனது. மூன்றாவது லயத்துக்குப் பின்னால் மலை வெடித்து நின்றது. முப்பத்தொரு குடும்பங்கள் பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்தன. லயத்துக்குப் போகும் ரோடு பாதியில் அறுந்து தொங்கியது. கீழே நீர்த்தேக்கக் கரையில் இருந்த பூங்கா முழுகிப்போய், தண்ணீர் வடிந்தபோது இடுப்பளவு சேறாக வெளியே வந்தது. அன்னப்பறவைப் படகு ஒன்று வேலிமேல் ஏறி முட்டையிடப்போவதுபோல உட்கார்ந்திருந்தது.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். லயத்து ரோடு தோட்டத்துக்குச் சொந்தம் என்றார்கள். தோட்டத்து ஆபீஸ் அது அரசாங்கத்துக்குச் சொந்தம் என்றது. பூங்கா மட்டும் எல்லாருக்கும் சொந்தம் என்பதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆகையால் பூங்காவைத் திருத்துவதென்று முடிவாயிற்று. ஆனால் திருத்துவதற்கு ஆள் இல்லை, தொண்டர்கள்தான் வேண்டும் என்றார்கள்.

தொண்டர்களைச் சேர்த்தவள் நாகலெட்சுமி. ஒருகாலத்தில் கொழுந்தெடுத்தவள். ஆறு வருஷமாகப் பூங்கா வாசலில் அவித்த சோளமும் பாலில்லாமல் இஞ்சி போட்ட பிளேன்டியும் விற்கிறாள். அவளோடு சேர்த்து அங்கே பதினாலு பெண்கள். மார்கழி பிறந்தால் நல்லதண்ணிக்கு யாத்திரையாக மலையேறப் போகிற பஸ்களெல்லாம் அந்த வாசலில் நிற்கும். "பார்க் தொறக்காட்டி சோளத்த அவிச்சி நாங்களே தின்னுக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்று வீடு வீடாகச் சொன்னாள். "சனிக்கிழம காலையில ஏழு மணி. கையில என்ன இருக்கோ அத எடுத்துக்கிட்டு வாங்க."

சின்னத்தம்பிக்கு இந்தச் செய்தி செரீபாவின் கடையில் பருப்பு வாங்கும்போது கிடைத்தது. நோர்வூட் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாக இருக்கும் கடை அது. "நாப்பது அம்பது பேரு வர்றாங்களாம் ஐயா. நானும் கட மூடிட்டு டீயும் ரொட்டியும் கொண்டு போறேன்" என்றாள் செரீபா.

நாற்பது ஐம்பது பேர். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவருமில்லை. சின்னத்தம்பி பருப்பை மறந்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

சனிக்கிழமை காலை அவர் புறப்பட்டதைப் பார்த்துச் சண்முகவடிவு கேட்டாள்: "மண்ணு வெட்ட மம்முட்டி வேணாமா?"

"மம்முட்டி எதுக்கு? நான் போறது மேப்பார்வை பாக்க."

"அப்ப மத்தியானத்துக்கு நேரத்தோட வந்துருங்க. மேப்பார்வை பாத்தா ரொம்பப் பசிக்கும்."

பூங்காவில் நாற்பத்துமூன்று பேர் சேற்றில் இறங்கியிருந்தார்கள். சின்னத்தம்பி வாசலில் நின்று விசிலை ஊதினார். "எல்லாரும் லைன்ல நில்லுங்க!"

பேச்சியம்மா என்ற கிழவி பழக்கதோஷத்தில் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்து நேராக நின்றாள். இரண்டு பேர் அவளுக்குப் பின்னால் நின்றார்கள். அப்புறம் பேச்சியம்மா தன்னையே மேலும் கீழும் பார்த்தாள். "அடி ஆத்தி, நான் பென்சன் வாங்கி எட்டு வருஷமாச்சே" என்று சிரித்தபடி சேற்றுக்குத் திரும்பினாள். வரிசை கலைந்தது.

நாகலெட்சுமி வந்தாள். "வாங்க ஐயா. மம்முட்டி எங்க?"

"நான் பாத்துக்கிறதுக்கு வந்தேன்மா. ஆளுகளப் பிரிக்கணும், வேலயப் பாக்கணும்."

"பாக்கிறதுக்குக் கீழ டேம் இருக்குங்க. எவ்வளவு வேணுன்னாலும் பாருங்க. காசு கேக்க மாட்டாங்க."

அவமானத்தோடு அவர் நின்றுகொண்டிருந்த நேரத்தில்தான், கடவுளே அனுப்பியதுபோல, கொழும்பிலிருந்து பஸ் வந்தது. ஏதோ ஒரு கம்பெனியின் இளைஞர்கள் நாற்பது பேர். எல்லாருக்கும் வான நீலத்தில் டீசேர்ட். நெஞ்சில் மூன்று மொழியிலும் வாசகம். சிங்களத்திலும் இங்கிலீசிலும் மீண்டும் எழுவோம் என்று சரியாக இருந்தது. தமிழில் மட்டும் ஒரு எழுத்து மாறி 'மீண்டும் அழுவோம்' என்று அச்சாகியிருந்தது. நாகலெட்சுமி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "நம்ம கதயத் தெரிஞ்சவங்கதான் போட்டிருக்காங்க" என்றாள்.

இறங்கியதும் அவர்கள் பதாகையைப் பிடித்துப் படமெடுத்தார்கள். கையுறை மாட்டிப் படமெடுத்தார்கள். கையுறையில் சேறு பட்டதும் ஆச்சரியப்பட்டு அதையும் படமெடுத்தார்கள். கெட்ட பிள்ளைகளில்லை. என்ன செய்வதென்று யாராவது சொன்னால் செய்யத் தயாராக இருந்தார்கள். தொப்பியும் பிரம்புமாக ஒரு பெரியவர் நிற்பதைப் பார்த்ததும் நேராக அவரிடம் போய், "மஹத்தயா, அப்பி மொனவத கரன்னே?" என்று சிங்களத்தில் கேட்டார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு மனிதன் தன்னைக் கேட்டு மூன்று வருஷமாயிற்று. சின்னத்தம்பியின் கண் கலங்கிவிட்டது.

பூங்காவின் கீழ்ப்பாதியில் தண்ணீர் தேங்கி நின்றது. அதை வடித்தால்தான் மற்ற வேலை. தண்ணீர் வடிக்கும் கான் விஷயத்தில் சின்னத்தம்பிக்குத் தனிப் பெருமை உண்டு. எட்டாம் நம்பர் மலையில் அவர் வெட்டுவித்த கான்களைப் பார்த்துவிட்டு மேலிடத்துப் பெரிய துரை கைகொடுத்திருக்கிறார். அந்தப் படம் வீட்டு முன்னறையில் சாமி படத்துக்கு அரையடி மேலே தொங்குகிறது. அவர் பிரம்பை நீட்டி, சறுக்குமரத்துக்குப் பக்கத்திலிருந்து ரோட்டுக் கான்வரை ஒரு கோடு காட்டினார். "இப்படியே வெட்டி ரோட்டுக் கானோட சேத்து விடுங்க. தண்ணி கடகடன்னு ஓடிரும்."

கான் வெட்டியே முதுகு வளைந்த அழகிரி பக்கத்தில் நின்றிருந்தார். "ஐயா, அந்தப் பக்கம் மேடுங்க" என்றார் மெதுவாக.

"நீ எனக்குச் சொல்றியா?"

அழகிரி தலையை ஆட்டிவிட்டுத் தள்ளி நின்றார்.

நாற்பது இளைஞர்களும் நாலு மணிநேரம் வெட்டினார்கள். நல்ல அழகான கான். பக்கங்களைச் சீவி, மண்ணை ஒதுக்கி, ஒரே சீராக. ஒரு பெண் கைபேசியை நீட்டியதும் சின்னத்தம்பி தொப்பியைச் சரிசெய்துகொண்டு பேசினார்: "கான் வெட்டுறது ஒரு கலை. தண்ணியோட மனசு தெரியணும். முப்பத்துநாலு வருஷமா எனக்கு அது தெரியும்." எல்லாரும் கைதட்டினார்கள். மூன்று மணிக்கு டீசேர்ட்டுகள் பஸ் ஏறிப் போயின. மூன்றேகாலுக்கு மழை பிடித்தது.

தண்ணீரின் மனசு வேறாக இருந்தது. ரோட்டுக் கான் மேலே, பூங்கா கீழே. மலையிலிருந்து ரோட்டுக்கு இறங்கிய வெள்ளம் புதுக் கானைக் கண்டதும் தனக்காகவே வெட்டியதென்று நினைத்து உள்ளே திரும்பியது. காலையிலிருந்து பெண்கள் வாரி ஒதுக்கிய சேற்றைப் பழையபடி பரப்பியது. கழிவறை கட்ட வைத்திருந்த மணலை அள்ளியது. ஆறு மூட்டை சீமெந்தைக் கரைத்தது. வேலியிலிருந்து அப்போதுதான் இறக்கி வைத்திருந்த அன்னப்பறவையைத் தூக்கி மறுபடியும் வேலிமேல் உட்கார்த்தியது.

எல்லாரும் செரீபா கட்டியிருந்த தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கி நின்று பார்த்தார்கள். செரீபா பிளேன்டி ஊற்றி முதல் கோப்பையைச் சின்னத்தம்பியிடம் நீட்டினாள். அவர் வாங்காமல், "எட்டாம் நம்பர் மலையில இதே மாதிரிதான் வெட்டினோம். அங்க ஒண்ணும் ஆகல" என்றார்.

அழகிரி தலையைச் சொறிந்தார். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. எட்டாம் நம்பர்ல நீங்க கம்பால காட்டுன எடத்துல நாங்க வெட்டலீங்க."

"என்ன சொல்ற?"

"நீங்க காட்டிட்டு அந்த வளைவுல திரும்பிருவீங்க. திரும்புனதும் சரியான எடத்துல வெட்டுவோம். இல்லாட்டி மல எறங்கி லயத்து மேல வந்திருக்கும்ங்க."

"அன்னைக்கு மட்டுமா?"

அழகிரி பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். "நான் கான் வேலைக்கு வந்து இருபத்தேழு வருஷம்ங்க. அதுக்கு முந்தி எங்கப்பா. அவரும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு. ஐயா காட்டுவாரு, தலைய ஆட்டு, திரும்புனதும் வெட்டு."

சின்னத்தம்பி மழையிலேயே வீட்டுக்கு நடந்தார். அந்தத் தோட்டத்தில் மண் சரியாமல் இருந்தது தன்னால் என்று நம்பியே அவர் இத்தனை காலம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். இப்போது யோசித்தால், கொழுந்து விஷயத்தில் என்ன செய்திருப்பார்கள்? மருந்தடிக்கிற விஷயத்தில்? அவர் திரும்பிய வளைவுகளெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. தோட்டத்தில் நிறைய வளைவுகள்.

முழு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் பார்க்கக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தார். சண்முகவடிவு விசாரித்துத் தெரிந்துகொண்டாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்தார்.

"அவங்களுக்கு மட்டுமா?" என்றாள் அவள். "நீங்க வாங்கச் சொன்ன எடத்துல நான் என்னைக்குங்க மீன் வாங்கியிருக்கேன்?"

திங்கட்கிழமை காலை வீட்டில் இருப்பதைவிடச் சேறு மேல் என்று தோன்றியது. பக்கத்து வீட்டில் ஒரு மண்வெட்டியை இரவல் வாங்கி, அதை எந்தத் தோளில் வைப்பது என்று இரண்டு தோளிலும் மாற்றி மாற்றிப் பார்த்து, அவர் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு பத்து.

நாகலெட்சுமி ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள். அவருடைய கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சத்தமாகச் சொன்னாள்: "சின்னத்தம்பி. பத்து நிமிஷம் லேட்டு. அரப்பேரு."

சேற்றுக்குள் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அது சாதாரணச் சிரிப்பல்ல. இருபது முப்பது வருஷமாக அடக்கி வைத்திருந்தது. பேச்சியம்மா சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"தொண்டு வேலைக்கு என்னம்மா அரப்பேரு?" என்றார் சின்னத்தம்பி, முகம் சிவந்து. "பத்து நிமிஷந்தானே?"

"நானும் அதத்தான் ஐயா சொன்னேன்." நாகலெட்சுமி சிரிக்கவில்லை. "புள்ளைக்குக் காய்ச்சல், புள்ளக் காம்பராவுல ஆயாகிட்ட விட்டுட்டு ஓடியாறேன், பத்து நிமிஷந்தான்னு கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

அவர் தேடிப் பார்த்தார். காய்ச்சல் கண்ட பிள்ளைகள், ஓடி வந்த தாய்மார், கையெடுத்துக் கும்பிட்ட முகங்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன. அதில் இவள் எது என்று தெரியவில்லை. "எந்த வருஷம்?" என்று கேட்டார்.

"ஒங்களுக்குத் தெரியாது. எனக்கு வருஷமும் தெரியும், கெழமையும் தெரியும், அன்னைக்கு எந்த மலயில கொழுந்து எடுத்தேன்னும் தெரியும்." அவள் ஒரு தகரத் தாச்சியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "சரி, அள்ளுங்க. அழகிரி அண்ணன் எங்க கொட்டச் சொல்றாரோ அங்க கொட்டுங்க."

சின்னத்தம்பி அள்ளினார். பத்து மணிக்கு முதுகு பிடித்தது. பதினொன்றுக்கு உள்ளங்கையில் கொப்புளம். மத்தியானம் செரீபாவின் ரொட்டியைப் பிய்க்க விரல் மடங்கவில்லை. வீட்டில் சண்முகவடிவு விளக்கருகே கையை இழுத்து வைத்துப் பார்த்தாள். "முப்பத்தெட்டு வருஷமா இந்தக் கையப் பாக்குறேன். இப்பத்தான் இதுல ஏதோ எழுதியிருக்கு" என்று எண்ணெய் தடவினாள்.

அவர் திருந்திவிட்டார் என்று எண்ணிவிட வேண்டாம். அடுத்த மூன்று வாரமும் ஒருநாள் தவறாமல் போனார், ஒருநாள் தவறாமல் அதிகாரமும் செய்தார். தாச்சியைத் தூக்கியபடியே, இந்தக் கல்லை அங்கே வை, அந்த மரத்தை இப்படி நடு என்று சொல்லிக்கொண்டே நடப்பார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். இப்போது அவருக்கும் அந்தத் தலையாட்டலின் அர்த்தம் தெரியும். என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அழகிரி கீழ்ப்பக்கமாக வெட்டிய கானில் தண்ணீர் ஓசையில்லாமல் நீர்த்தேக்கத்துக்கு இறங்கியது. அதைக் கண்டதும், "நானும் இதத்தான் சொல்ல வந்தேன்" என்றார்.

தை மாதம் திறப்பு விழா வைத்தார்கள். பிரதம விருந்தினராகக் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வருகிறார் என்றார்கள். வாசலில் பளிங்குக் கல் பதித்திருந்தது. அதில் பிரதம விருந்தினர் பெயர், அவருக்கு வழிவிட்டவர் பெயர், வழிவிட்டவரை அழைத்தவர் பெயர் எல்லாம் இருந்தன. முதல்வரிசையில் நீல டீசேர்ட்டுகளுக்கு இடம். நடுவில் ஒரு நாற்காலியில் சின்னத்தம்பியின் பெயர் ஒட்டியிருந்தது. கைதட்டல் வாங்கிய அவருடைய பேச்சை எத்தனையோ ஆயிரம் பேர் கைபேசியில் பார்த்திருந்தார்களாம். அதில் மழைக்கு முந்தி நடந்தது மட்டும்தான் இருந்தது.

சின்னத்தம்பி வெள்ளைச் சட்டை போட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மனம் குளிர்ந்தது. பக்கத்து மேசையில் பெட்டிஸும் ரோல்ஸும் மூடி வைத்திருந்தார்கள். மூடிக்கு வெளியே வாசனை வந்தது.

அப்போது ஓர் அதிகாரி குனிந்து சிங்களத்தில், "மஹத்தயா, வாசல்ல சோளம் விக்கிற பொம்பளைங்க இருக்காங்க. பெரியவர் வர்ற நேரம் பாக்க நல்லா இல்ல. கொஞ்சம் பஸ் ஹோல்ட்டுக்குப் பின்னால போகச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார்.

நீங்கள் சொன்னால் கேட்பார்கள். அந்த வார்த்தையின் ருசியிலேயே சின்னத்தம்பி எழுந்து நடந்தார். வாசலுக்கு வந்த பிறகுதான் என்ன சொல்ல வந்தோம் என்று புரிந்தது.

பதினாலு அடுப்பிலும் சோளம் கொதித்துக்கொண்டிருந்தது. வேலிக்கு வெளியே நின்ற நாகலெட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். "என்ன ஐயா? போகச் சொன்னாங்களா?"

அவர் தொண்டையைச் செருமினார். பழைய குரல் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"ஆமா" என்றார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் சொல்லி நீங்க என்னைக்குக் கேட்டிருக்கீங்க?" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே திரும்பினார். அதிகாரியிடம் போய்ச் சிங்களத்தில் தெளிவாகச் சொன்னார்: "அவங்க போக மாட்டாங்க. முப்பத்துநாலு வருஷம் நான் சொன்ன ஒண்ணையும் அவங்க கேட்டதில்ல. இங்க இருக்கிற யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

இதை அவர் வீரமாகச் சொன்னாரா, வேறு வழியில்லாமல் சொன்னாரா என்று பிற்பாடு ஊரில் வாதம் நடந்தது. அவர் வீரம் என்றார். சண்முகவடிவு மற்றது என்றாள். எப்படியோ, அதற்குள் அவருடைய நாற்காலியில் யாரோ ஒருவரின் மச்சான் உட்கார்ந்துவிட்டார். ஒட்டியிருந்த காகிதத்தைச் சுருட்டிக் காது குடைந்துகொண்டிருந்தார். சின்னத்தம்பி சற்று நேரம் நின்று பார்த்தார். பெட்டிஸ் மேசையையும் பார்த்தார். பிறகு வெளியே வந்து, வேலிக்கு வெளியே ஒரு சோளச் சாக்கின்மேல் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்தார்.

பேச்சுகள் ஒன்றரை மணிநேரம் நடந்தன. கடைசியில் ரிப்பனை வெட்டிவிட்டு வெளியே வந்த பிரதம விருந்தினருக்குச் சோள வாசனை அடித்தது. நேராக நாகலெட்சுமியின் அடுப்புக்கு வந்து ஒன்றை வாங்கிக் கடித்து, மக்களோடு மக்களாகப் படமெடுத்துக்கொண்டார். அதோடு அந்தப் பதினாலு அடுப்பையும் அங்கிருந்து கிளப்ப எந்த அதிகாரிக்கும் துணிவு வரவில்லை. பாடசாலை மண்டபத்தில் இன்னும் முப்பத்தொரு குடும்பங்கள் படுத்திருப்பதை நாகலெட்சுமி அவரிடம் சொன்னாள். அவர் வாய் நிறையச் சோளத்தோடு தலையை ஆட்டினார். சாக்கின்மேல் உட்கார்ந்திருந்த சின்னத்தம்பி அந்த ஆட்டலை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"அவரு திரும்புனதும் நாமளே வெட்டிக்க வேண்டியதுதான்" என்றார்.

நாகலெட்சுமி முதல்முறையாக அவரைப் பார்த்துச் சிரித்து, ஒரு சோளத்தை எடுத்து நீட்டினாள்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அதே நாற்பத்துமூன்று பேரும் லயத்து ரோட்டில் இறங்கினார்கள். இந்தத் தடவை நீல டீசேர்ட்டும் வரவில்லை, கல்லும் பதிக்கவில்லை. மாசிக் கடைசியில் ஒரு லொறி ஏறும் அளவுக்கு ரோடு வந்தது. கூரைத் தகடு எப்போது வரும் என்று இன்னும் தெரியவில்லை. வேலை இல்லாத நாட்களில் சின்னத்தம்பி பூங்காவுக்குப் போவார். புதுக் கேட்டுக்குப் பெரிய பூட்டுப் போட்டிருக்கிறார்கள். சாவி நுவரெலியா ஆபீஸில் இருக்கிறது. விடுமுறை நாளில்தான் வரும். ஜனங்கள் வேலி ஓட்டை வழியாகப் போய் வருகிறார்கள். விதிகளை மீறிப் பழக்கமில்லாத சின்னத்தம்பி முதல் நாள் மூடிய கேட்டுக்கு முன்னால் இருபது நிமிடம் நேராக நின்றார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பிரம்பை முதலில் உள்ளே எறிந்து, ஓட்டைக்குள் தலையைக் கொடுத்தார். இடுப்பளவில் மாட்டிக்கொண்டது.

"தள்ளிவிடவா ஐயா, இழுத்துவிடவா?" என்று கேட்டாள் அந்த வழியாக வந்த பேச்சியம்மா.